பச்சைப் புள்ளித் தோட்டா

குளியலறைக் கண்ணாடியில் தன் வலது தோளைப் பார்க்க டார்லா ராட்லிஃபுக்கு அருவருப்பாக இருந்தது. நடுவில் கத்தரிக்காய் நிறம், அதைச் சுற்றிக் கறுத்த வாழைப்பழத் தோலின் நிறம், அக்குள் பக்கம் போகப் போக ஒரு சீக்காளி மஞ்சள். போன வாரத்துக் காயம் ஆறுவதற்குள் இந்த வாரத்துக் காயம் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. உள்பாடிப் பட்டை அதில் உரசும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஐம்பத்தேழு வயதில் உடம்பு தன்னை இப்படிக் கைவிடும் என்று அவள் நினைக்கவில்லை. மூன்று வேளையும் தின்றுவிட்டு வேலை என்றால் மட்டும் படுத்துக்கொள்கிற ஆளைப் பார்ப்பதுபோல அந்தத் தோளைப் பார்த்தாள்.

கென்டக்கியின் கிழக்குப் பக்கம், நிலக்கரிக்காக மலையின் தலையைச் சீவிவிட்டு, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்த ஒரு மேட்டில் மாநிலச் சிறை இருந்தது. டார்லா அங்கே காவலராகச் சேர்ந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. அதில் பாதிக்கு மேல் கீழ்க் கட்டடத்தில் கழித்தாள். ஆண் கைதிகளின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மெத்தையைப் புரட்ட வேண்டும், ஊறிப்போன உள்ளாடைகளைக் கையுறை மாட்டிக்கொண்டு உதறிப் பார்க்க வேண்டும். கதவு இடுக்கு வழியாக எவனாவது கோப்பையிலிருந்து எதையாவது வீசினால் அது மூத்திரம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஒதுங்க வேண்டும். அந்த வாடை தலைமுடியில் ஏறி வீட்டுக்கும் வரும். இரண்டு தடவை ஷாம்பு போட்டாலும் தலையணையில் மிச்சம் இருக்கும்.

பிறகு கோபுரம் கிடைத்தது. மூலைக் கோபுரத்தின் உச்சியில் நான்கு பக்கமும் கண்ணாடி, சுழல் நாற்காலி, ஃபிளாஸ்கில் காபி, கை எட்டுகிற தூரத்தில் ஷாட்கன். கீழே மனிதர்கள் எறும்பு மாதிரி நடப்பார்கள். எறும்புக்கு வாடை கிடையாது. கோபுரத்துக்குப் போன பிறகுதான் அவளுக்குச் சாப்பாடு ருசித்தது.

ஆனால் கோபுரத்தில் இருக்க வேண்டுமென்றால் வருஷா வருஷம் வசந்தத்தில் ஷாட்கன் தேர்வில் தேற வேண்டும். ஐந்து தோட்டாவில் குறைந்தது நான்கு இலக்கில் பட வேண்டும். டார்லாவுக்கு அது ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. போன இலையுதிர் காலத்தில், ஆள் குறைவு என்று ஒருநாள் சாப்பாட்டுக் கூடத்துக்கு அனுப்பினார்கள். ஒரு தட்டு புட்டிங்குக்காக இரண்டு தடியன்கள் கட்டிப் புரண்டார்கள். பிரிக்கப் போனவளின் கையை ஒருவன் பிடித்து முறுக்கியதில் தோளுக்குள் ஏதோ டப்பென்று அறுந்தது. அறுவை சிகிச்சை நடந்தது, கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டார்கள், மாதக்கணக்கில் ரப்பர் பட்டையை இழுக்கச் சொன்னார்கள். கடைசியில் டாக்டர் சரியாகிவிட்டது என்று கையெழுத்துப் போட்டார். ஏப்ரலில் தேர்வு. தேறினால் கோபுரம், தேறாவிட்டால் ஓய்வு பெறும்வரை கீழ்க் கட்டடம், அந்த வாய்கள், அந்த உள்ளாடைகள்.

அதற்காகத்தான் வெர்ல் நடத்தும் உள்ளரங்கில் பழக ஆரம்பித்தாள். அது முன்பு பந்துருட்டும் விளையாட்டுக் கூடமாக இருந்தது. சுவர்களுக்கு இரும்புத் தகடு அடித்து, கோடியில் மணல் மேடு கட்டி, சுடும் இடமாக மாற்றியிருந்தான். ஜன்னல் கிடையாது. வெடிமருந்துப் புகையை என்னதான் மின்விசிறி வைத்து இழுத்தாலும் அந்தக் காலத்தில் பந்துருட்ட வந்த ஊரார் காலெல்லாம் போட்டுப் பார்த்த வாடகைச் செருப்பின் பழைய நாற்றம் மட்டும் போகவில்லை. மூக்கைச் சுளிக்காமல் அந்த வாசலை அவள் தாண்டியதே இல்லை.

முதல் நாளே வெர்ல் சொன்னான். "அறுத்துத் தைச்ச தோளு. உனக்கு லேசான தோட்டாதான் சரி, டார்லா. ஈயமும் கம்மி, மருந்தும் கம்மி. அந்தக் கோடியில தொங்குற காகிதத்துக்கு மான் அடிக்கிற தோட்டா எதுக்கு? உங்க சிறையில குடுக்கிறதும் தோள்ல உதை கம்மியானதுதானே. அதுமாதிரியே ஒண்ணுல பழகிக்கோ." அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் கல்லாமேல் வைத்தான்.

டார்லா கையை நீட்டினாள். பக்கத்தில் நின்ற அவள் புருஷன் டெல்மர் அந்தப் பெட்டியை அப்படியே திருப்பித் தள்ளினான்.

"எடுத்து உள்ள வையி, வெர்லு. என் பொண்டாட்டி கடைத் தோட்டா வாங்கினான்னு நாளைக்கு ஊர் பூரா பேசவா? நான் ஒருத்தன் உசுரோடதானே இருக்கேன்!"

அந்தப் பக்கத்து மலைகளில் அது ஒரு மானப் பிரச்சினை. சுட்டுப் போட்ட வெறுங்கூடுகளைப் பொறுக்கி வந்து, மருந்தும் ஈயமும் அளந்து, மறுபடி அடைத்து மூடுகிற ஆள் ஒருவன் வீட்டில் இருந்தால், அந்த வீட்டார் கடையில் தோட்டா வாங்கக் கூடாது. வாங்கினால், அவன் அடைத்ததை அவன் குடும்பமே நம்பவில்லை என்று அர்த்தம். டார்லாவுக்கும் அது தெரியும். கையை இழுத்துக்கொண்டாள்.

டெல்மர் நெடுஞ்சாலைத் துறையில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். அதற்குப் பிறகு அவன் செய்கிற வேலை இரண்டே இரண்டு. ஒன்று, கராஜில் உட்கார்ந்து தோட்டா அடைப்பது. இன்னொன்று, கன்னத்தில் புகையிலையை அதக்கிக்கொண்டு காலி சோடா பாட்டிலில் துப்புவது. அந்த பாட்டில் வீட்டில் எங்கே வேண்டுமானாலும் இருக்கும். சாப்பாட்டு மேஜையில், கட்டில் ஓரத்தில், கார் கப்பு வைக்கும் குழியில் அவளுடைய காபிக்குப் பக்கத்தில். ஒருநாள் அவசரத்தில் அதை எடுத்து வாய்வரை கொண்டுபோய்விட்டாள். இருபது வருஷச் சிறை வேலையில் வராத வாந்தி அன்று வந்தது. அதை டெல்மர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொன்னான்.

தோட்டாக்களை இரண்டு பையில் போட்டு வைத்திருந்தான். பித்தளை அடியில் பச்சைப் புள்ளி வைத்தது லேசானது, அவளுக்கு. அவளுடைய பழைய நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்தது முரட்டுத் தோட்டா, அவனுக்கு. வியாழக்கிழமை மத்தியானம் வெர்லின் கூடத்தில் கூடுகிற கிழட்டுக் கூட்டத்தில் அந்தச் சிவப்புப் புள்ளிக்குப் பெரிய பேர். லேசான தோட்டாவை அவர்கள் 'பொம்பளைத் தோட்டா' என்பார்கள். டெல்மர் சிவப்பில் இருபத்தைந்து சுட்டுவிட்டுத் தோளைக்கூடத் தடவாமல் உட்கார்ந்து புகையிலை அதக்குவான். அவன் கூட்டாளி ரஸ்ஸல், "இரும்புல செஞ்சவன்டா நீ" என்பான். டெல்மர் அடக்கமாகத் துப்புவான்.

டார்லா பச்சையில் சுட்டாள். முதல் வாரமே கோடாலிக் காம்பால் அடித்ததுபோல இருந்தது. இரண்டாவது வாரம் சுடுவதற்கு முன்னாலேயே கண் மூடிக்கொண்டது. மூன்றாவது வாரத்தில் விசையை அமுக்கும் நொடியில் உடம்பே பின்வாங்கியது. தோட்டா காகிதத்தில் படாமல் மணலில் போய் விழுந்தது. முன்பு அலட்டிக்கொள்ளாமல் தேறியவள் அவள். சிறைத் தோட்டாவின் உதை எப்படி இருக்கும் என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அது அறுக்காத தோள் வாங்கிய உதை. இது வேறு தோள் என்று நினைத்துக்கொண்டாள்.

"லேசானதே இப்படின்னா, டெல்மர்..." என்று ஒருநாள் காரில் வரும்போது ஆரம்பித்தாள்.

"அதைவிட லேசா அடைச்சா குழாயை விட்டே வெளிய வராது, கண்ணு. வயசாயிடுச்சு, ஒத்துக்கோயேன். அதுல என்ன வெக்கம்?"

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரீஸரைத் திறந்து, உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை எடுத்துத் துண்டில் சுற்றி, அவனே அவள் தோளில் வைத்துவிடுவான். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அப்படியே செய்தான். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவன் அவளுக்காகக் குளிர்பெட்டியைத் திறந்தது அப்போதுதான். அந்த அன்பில் டார்லாவுக்குக் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. பாட்டிலில் துப்பினாலும் மனுஷன் மனுஷன்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

தேர்வுக்கு முந்தின வியாழக்கிழமை கூடத்துக்குப் போகும்போதே அவள் முடிவு செய்திருந்தாள். நாளைக் காலையில் ஆயுத அறை சார்ஜென்ட்டிடம் போய், தேர்வு வேண்டாம், கீழேயே போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிடலாம். எல்லார் முன்னாலும் ஐந்தையும் மணலில் விட்டு அவமானப்படுவதைவிட அது மேல்.

ரஸ்ஸலும் மற்றவர்களும் முன்னறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். டெல்மர் கழிப்பறைக்குப் போயிருந்தான், போனால் சீக்கிரம் வருகிற ஆள் இல்லை. டார்லா காதுக்கு மூடி மாட்டிக்கொண்டு கடைசித் தடத்தில் நின்று பச்சையில் இரண்டு சுட்டாள். இரண்டும் எங்கேயோ போயின. தோளிலிருந்து முழங்கை வரை ஒரு சூடு இறங்கியது. துப்பாக்கியை மேடையில் வைத்துவிட்டுச் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பக்கத்தில் டெல்மரின் சிவப்புப் பை திறந்து கிடந்தது. இனிமேல் துப்பாக்கியையே தொடப் போவதில்லை, இந்தச் சிவப்பு எப்பேர்ப்பட்ட ராட்சசன் என்று போவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஒன்றை எடுத்துப் போட்டாள். பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து, அறுவைத் தையல் மறுபடி பிரிந்தாலும் பிரியட்டும் என்று அமுக்கினாள்.

துப்பாக்கி தோளில் சாய்ந்தது. அவ்வளவுதான். யாரோ கூட்டத்தில் இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்பதுபோல.

மருந்து சரியாக விழாத ஒற்றைத் தோட்டாவாக இருக்கும் என்று நினைத்தாள். இன்னொன்று போட்டாள், அதுவும் அப்படியே. மூன்றாவதைக் கண் திறந்து சுட்டாள். காகிதத்தின் நடுவில் ஓட்டை விழுந்தது. பிறகு வேண்டுமென்றே ஒரு பச்சையைப் போட்டுச் சுட்டாள். கோடாலிக் காம்பு திரும்பி வந்தது.

அப்படியே நின்றாள். தோள் பொய் சொல்லவில்லை. வாரக்கணக்காக, அறுத்துத் தைத்த அந்தத் தோள், வாலிபர்களே முகம் சுளிக்கிற முரட்டுத் தோட்டாவை வாங்கித் தாங்கிக்கொண்டிருந்தது. அதைப் போய்த் தண்டம் என்று திட்டியிருந்தாள். இடது கையால் அதைத் தொட்டுக்கொண்டாள். அப்போதுதான் பட்டாணிப் பொட்டலம் ஞாபகத்துக்கு வந்தது. தெரிந்தே புள்ளியை மாற்றி வைத்துவிட்டு, தெரிந்தே துண்டில் சுற்றி, தெரிந்தே "வலிக்குதா, கண்ணு?" என்று கேட்டிருக்கிறான். அந்த சோடா பாட்டிலை மறுபடி வாய்வரை கொண்டுபோனது போல இருந்தது.

டெல்மர் பெல்ட்டை இறுக்கிக்கொண்டே வந்தான். காபி முடித்த கூட்டமும் பின்னாலேயே வந்தது. டார்லா காது மூடியைக் கழுத்துக்கு இறக்கினாள்.

"டெல்மர், இன்னைக்கு மாத்திக்கலாம். நீ என் பச்சையில அஞ்சு சுடு. நான் உன் சிவப்புல அஞ்சு சுடுறேன்."

ரஸ்ஸல் கெக்கலித்தான். "கெழவிக்குத் தெகிரியத்தைப் பாரு! தோளு கழண்டு கையில வந்துரும், டார்லா."

"வந்தா நான் எடுத்துட்டுப் போறேன். உனக்கென்ன?"

டெல்மர் பைகளைப் பார்த்தான். மேடையில் உருண்டு கிடந்த சுட்ட கூடுகளைப் பார்த்தான். மூன்றின் அடியில் சிவப்பு. அவன் கன்னத்தில் புகையிலை அசைவது நின்றது.

"பொம்பளைத் தோட்டாவை நான் கையால தொடமாட்டேன்" என்றான்.

"அட, அஞ்சே அஞ்சுடா" என்றான் ரஸ்ஸல். "பொண்டாட்டி ஆசையாக் கேக்குறா. பஞ்சு மெத்தையில சாஞ்ச மாதிரி இருக்கும் உனக்கு."

"நீ சொல்லு, டெல்மர்" என்றாள் டார்லா. "சுட முடியாதுன்னா ஏன்னு சொல்லு. நான் கேட்டுக்கறேன்."

அவள் நிஜமாகவே வாய்ப்புக் கொடுத்தாள். ஒரே ஒரு வாக்கியம் போதும். பைகள் மாறிப்போச்சு என்று ஒரு பொய்யாவது சொல்லியிருந்தால்கூட அவள் அங்கேயே விட்டிருப்பாள். டெல்மர் ரஸ்ஸலின் முகத்தைப் பார்த்தான், மற்றவர்களின் முகத்தைப் பார்த்தான். பிறகு துப்பாக்கியை எடுத்தான்.

முதல் பச்சை அவனை அரை அடி பின்னுக்குத் தள்ளியது. காலை மாற்றி வைத்து, தடுமாறாததுபோல நின்றான். இரண்டாவதில் கண் நிறைந்தது. மூன்றாவதில் புகையிலைச் சாறு கடைவாயில் வழிந்து தாடிக்குள் இறங்கியது. துடைக்கக் கை தூக்க முடியவில்லை. நான்காவதைத் துப்பாக்கியில் போட இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது. நிறுத்துவான் என்று டார்லா காத்திருந்தாள். அவன் நிறுத்தவில்லை. எலும்பு போனாலும் போகட்டும், பேர் போகக் கூடாது என்று ஐந்தையும் சுட்டு முடித்துத் துப்பாக்கியைக் கீழே வைத்தான். காகிதம் புதிதாக மாட்டியது போலவே தொங்கியது.

"பஞ்சு மாதிரிதான் இருக்கு" என்றான், தண்ணீர் வழிகிற கண்ணோடு. "ரொம்ப லேசா இருக்கவும் குறி பிடிபடல."

டார்லா சிவப்பில் ஐந்து சுட்டாள். ஐந்தும் பட்டன. கூட்டம் கை தட்டியது. கெழவி சிவப்பையே சுட்டுட்டாளே என்று ஒருவன் அவள் முதுகில் தட்டினான். அந்தப் பாராட்டு அவளுக்கு எச்சில் தட்டில் வைத்த சோறு மாதிரி இருந்தது. பையிலிருந்து இன்னொரு சிவப்பை எடுத்து ரஸ்ஸலின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீயும் ஒண்ணு சுட்டுப் பாரு. உனக்கே தெரியும்."

ரஸ்ஸல் சுட்டான். துப்பாக்கி அவன் தோளில் மெல்லச் சாய்ந்து நிமிர்ந்தது. விஷயம் புரிந்துபோனது ஒரு நொடி அவன் முகத்தில் தெளிவாகத் தெரிந்தது. டெல்மரைப் பார்த்தான். டெல்மர் தரையைப் பார்த்தான். பிறகு ரஸ்ஸல் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு சுழற்றினான்.

"அடேங்கப்பா! என்னா உதை! கழுதைகூட இப்படி உதைக்காது."

"டெல்மர் சரக்குன்னா சும்மாவா" என்றான் இன்னொருவன், சுட்டுப் பார்க்காமலேயே.

டார்லா ஒவ்வொருவராகப் பார்த்தாள். ரஸ்ஸலின் பையிலும் சிவப்புப் புள்ளிதான் இருந்தது. அதற்கடுத்தவன் பையிலும் ஏதோ ஒரு முரட்டு நிறம். ஒருவனுடைய தோளிலாவது, தன்னுடையது மாதிரி ஒரு காயத்தை இதுவரை அவள் பார்த்திருக்கிறாளா? கல்லாவுக்குப் பின்னால் வெர்ல் ஏற்கெனவே பெருக்கிய தரையை மறுபடி பெருக்கிக்கொண்டிருந்தான். சிறையில் மூத்திரம் வீசுகிறவன்கூட, இது மூத்திரம் என்று சொல்லித்தான் வீசுவான். அவள் துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு வெளியே போய்க் காரில் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் டெல்மர் நேராகக் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுநாள் தேர்வில் சிறைத் தோட்டா ஐந்தும் பட்டன. "ஆபரேஷன் பண்ண தோளு மாதிரியே தெரியலயேம்மா" என்றான் சார்ஜென்ட். டார்லா கையெழுத்துப் போட்டுவிட்டுக் கோபுரத்தில் ஏறி, சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குள் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வந்தது. ஏன் செய்தான்? தான் கோபுரத்தில் இருப்பது அவனுக்குப் பொறாமையா? வீட்டோடு கிடந்து அவனுக்குச் சமைத்துப் போட வேண்டும் என்று ஆசையா? தான் மேலே உட்கார்ந்து சம்பாதிப்பதில் அவனுக்கு ஏதாவது வஞ்சமா? வஞ்சமாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தாள். வஞ்சம் வைக்கிற அளவுக்காவது தன்னை மதித்திருக்கிறான் என்று இருக்கும்.

வீட்டுக்கு வந்து பீன்ஸ் வேகவைத்து, சோள ரொட்டி சுட்டாள். டெல்மர் அடுக்களை மேஜையில் வந்து உட்கார்ந்தான். வலது கை மடியில் கிடந்தது. சட்டைப் பொத்தான் ஒன்றுகூடப் போடவில்லை, போட முடியவில்லை. கழுத்தோரம் கத்தரிக்காய் நிறம் ஏறியிருந்தது. இடது கையால் பாட்டிலைத் தூக்கித் துப்பியதில் பாதி மேஜைமேல் விழுந்தது.

"டார்லா, அந்தப் பட்டாணிப் பொட்டலத்தை எடேன்."

அவள் அடுப்பிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். பட்டாணி வெண்ணெயில் வெந்து ஆவி பறந்தது.

"எதுக்கு ஐஸு?" என்றாள். "பச்சைப் புள்ளிதானே சுட்ட. பஞ்சு மாதிரி இருந்துச்சுன்னியே."

டெல்மர் கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு வெடித்தான்.

"வேற என்னதான்டி பண்ணச் சொல்றே? போன வருஷம் முரட்டுத் தோட்டா நாலு பெட்டி அடைச்சுட்டேன். ஒண்ணு சுட்டுப் பாத்தேன், தாங்கல. ரஸ்ஸல்கிட்டப் போய்ச் சொல்ல முடியுமா? அவ்வளவு ஈயம், அவ்வளவு மருந்து! அதைத் தூக்கிக் குப்பையில கொட்டச் சொல்றியா? நீ எப்படியும் சுடத்தானே போறே!"

டார்லா கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவ்வளவுதானா? வஞ்சமும் இல்லை, பொறாமையும் இல்லை. மீந்துபோன குழம்பை நாய்க்கு ஊற்றுகிறதுபோல ஊற்றியிருக்கிறான்.

அவள் அந்த சோடா பாட்டிலை இரண்டு விரலால் கழுத்தைப் பிடித்து எடுத்து, பின்வாசலைத் திறந்து, குப்பைத் தொட்டியில் போட்டாள். திரும்பி வந்து கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு அவன் முன்னால் இருந்த கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, உட்கார்ந்து, வலது கையாலேயே பட்டாணியைச் சாப்பிட ஆரம்பித்தாள்.